ஆனிக் கல்யாணமும் ஐந்நூறு ரூபா தண்டமும்

கேள்வி: ஐயா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் மலையில் கொழுந்து எடுக்கிறேன், கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மகள் தரம் 10, மகன் தரம் 4. மாமியாரின் அக்கா 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய் இப்போது தமிழ்நாட்டுக் கூடலூரில் இருக்கிறார். அவருடைய பேத்திக்கு வருகிற ஆனியில் கல்யாணம். மாமியாருக்கு 74 வயதாகிறது, அக்காவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அழுகிறார். போய் வந்தால் ஒன்பது பள்ளி நாள் போகும். போன மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பயணத்துக்காகப் பிள்ளையை நிறுத்தினால் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 ரூபா தண்டம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். எங்களுக்கு 9,000 ரூபா வரும். இதற்குக் காரணமே என் கணவர்தான். கொழுந்தன் லண்டனிலிருந்து பள்ளி நாளில் பிள்ளைகளோடு ஊருக்கு வந்துபோய் 320 பவுண் தண்டம் கட்டிய கதையை அந்தக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். ‘அங்கேயே அப்படியென்றால் இங்கேயும் வைப்போம்’ என்று பிடித்துக்கொண்டார்கள். காய்ச்சல் என்று ஒரு துண்டு வாங்கிக் கொடுத்துவிடு என்கிறார் பக்கத்துக் காம்பரா அக்கா. நாங்கள் செய்வது குற்றமா ஐயா? இப்படித் தண்டம் வைப்பது சரியா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 9,000 ரூபாப் பயத்தை இறக்கி வையுங்கள். அதைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையால் உண்டான ஒன்று. சிரமதானம் வைக்கலாம், ஒழுகுகிற தகரத்தை மாற்றலாம், விளையாட்டுப் போட்டிக்கு உதவி கேட்கலாம். தண்டம் விதிக்கிற வேலை அதற்கு இல்லை. சட்டம் யாரிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறதோ அவர்தான் தண்டம் போட முடியும், அதிபருக்கே அது கிடையாது. கூட்டத்தில் எத்தனை பேர் கை தூக்கினாலும் சரி. யாராவது பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பணிவாகக் கேளுங்கள். அதற்கு மேலும் நெருக்கினால் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

குற்றமா என்று கேட்டீர்கள். அதற்கு ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 5 வயதிலிருந்து 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை என்று அவை சொல்லின. 2016 இல் அந்த 14 ஐ 16 ஆக்கினார்கள். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த விதிகள் தேடுவது பள்ளிப் பக்கமே வராத பிள்ளையை, வரவு இடாப்பில் பெயர் இருக்க கடை மூட்டையைத் தூக்கிக்கொண்டிருக்கிற பிள்ளையை. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்த குடும்பத்தை யாரும் கோர்ட்டுக்கு இழுத்து நான் பார்த்ததில்லை. ஆசிரியராகவும் பிறகு வழிகாட்டல் ஆலோசகராகவும் 32 வருடம் இந்த மலைகளில்தான் இருந்தேன்.

இனி உங்கள் கொழுந்தன் விஷயம். கூட்டத்தில் அந்தக் கதை பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தலைமை ஆசிரியர் விரும்பினால் குடும்ப விடுமுறைக்கு வருடத்தில் பத்து நாள்வரை அனுமதிக்க வழி இருந்தது. 2013 செப்டெம்பரோடு அதை எடுத்துவிட்டார்கள். விதிவிலக்கான காரணம் இருந்தால் மட்டுமே லீவு. டிக்கெட் மலிவு என்பது அந்தக் கணக்கில் வராது. 2024 ஓகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே கணக்கு: பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் பத்து அமர்வு தவறினால் தண்டச் சீட்டு வரலாம். அமர்வு என்பது அரைநாள், காலையில் ஒன்று, மத்தியானத்துக்குப் பிறகு ஒன்று. தோட்டத்தில் அரைநாள் சம்பளமான ‘அரைப் பேர்’ தெரிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆக மொத்தம் ஐந்து நாள். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், அதைத் தாண்டி 28 நாளுக்குள் என்றால் 160. இது பிள்ளை ஒன்றுக்குப் பெற்றோர் ஒருவர் கட்டுவது. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளைகள், நாலு எண்பது 320. கொழுந்தன் காலத்தோடு கட்டியிருக்கிறார் என்று தெரிகிறது. அதே பிள்ளைக்கு மூன்று வருடத்துக்குள் இரண்டாம் தடவை வந்தால் எடுத்த எடுப்பில் 160. மூன்றாம் தடவை சீட்டே இல்லை, வழக்குக்குத்தான் போகும், 2,500 பவுண் வரை ஏறலாம். எல்லையைத் தாண்டி ஸ்கொட்லாந்துக்குப் போனால் இப்படிச் சீட்டுக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒரே இராச்சியத்துக்குள்ளேயே ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைத்தான் நம் சங்கம் அரை மணி நேரத்தில் இறக்குமதி செய்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஒருவர் இந்தத் தண்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். வைட் தீவைச் சேர்ந்த ஜோன் பிளாட். 2015 ஏப்ரலில் மகளை ஏழு பள்ளி நாள் புளோரிடாவுக்குக் கூட்டிப்போனார். அன்றைய கணக்கில் 60 பவுண் கட்டச் சொன்னார்கள், கட்டவில்லை, 120 ஆனது, அதையும் கட்டவில்லை. என் பிள்ளையின் வரவு 90 வீதத்துக்கு மேல், இதை ஒழுங்கான வரவு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள் என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2017 ஏப்ரல் 6 ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் மாற்றிச் சொன்னார்கள்: ஒழுங்கான வரவு என்றால் பள்ளியின் விதிப்படி வருவது, மொத்தக் கணக்கில் எத்தனை வீதம் என்பதல்ல. எனக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு நியாயம் தெரிகிறது. ஒரு பிள்ளை ஒரு கிழமை கழித்து வந்து உட்கார்ந்தால், டீச்சர் பின்னப் பெருக்கத்தைத் திரும்ப ஒரு தடவை சொல்ல வேண்டும். மிச்ச முப்பது பிள்ளைகளும் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார்கள். வகுப்பில் நின்றவர்களுக்கு இது தெரியும்.

இருந்தும் நான் தண்டத்துக்கு எதிர். ஏனென்றால் நானே ஒரு தடவை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் தரம் 8 க்கு வகுப்பாசிரியர். வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் வகுப்பில் பாதி இருக்காது. வராத நாளுக்கு ஐந்து ரூபா என்று சொல்லி, மேசையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தேன். சேர்கிற காசில் வகுப்புக்கு வெள்ளைக்கட்டியும் வரைபடமும் வாங்கலாம் என்று நினைப்பு. மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை, டவுனில் கடை வைத்திருந்தவரின் மகன் என் மேசைக்கு வந்து பத்து ரூபாவை டின்னுக்குள் போட்டான். “நாளைக்கும் திங்கட்கிழமைக்கும் சேர்” என்றான். முகத்தில் குறும்புகூட இல்லை, பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற மாதிரிப் போட்டுவிட்டுப் போனான். அதே கிழமை தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து (வரிசை வீட்டு) பிள்ளை ஒன்று ஒரு நாள் வரவில்லை. அடுத்த நாள் ஐந்து ரூபா இல்லை, அதனால் அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் பத்து ரூபா ஆகிவிட்டது. பிள்ளை ஒரு மாதம் வரவில்லை. நான் மலை ஏறிப் போய் அந்த அம்மாவிடம் காசு வேண்டாம் என்று சொல்லித்தான் பிள்ளையைக் கூட்டி வந்தேன். அந்த டின்னை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கம்.

பிற்காலத்தில் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் செய்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். பத்துப் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைப் பின்னேரம் தாமதமாகக் கூட்டிப்போகிற பெற்றோரைத் திருத்தப் பார்த்திருக்கிறார்கள். ஆறு காப்பகங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் பத்து ஷெக்கல் தண்டம். பிந்தி வருகிறவர்கள் குறையவில்லை, கூடிப்போனார்கள். பிறகு தண்டத்தை எடுத்த பின்னும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதுவரை டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்று உறுத்திய மனசு, காசு கட்டிய பிறகு உறுத்துவதை விட்டுவிட்டது. என் பிஸ்கட் டின்னும் அதைத்தான் செய்தது. பெரிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததைக் கடைக்காரர் மகன் எனக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டான்.

உங்கள் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் 2013 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபா என்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அடிப்படை 450, விலைப் பங்கு 30, வரவுக் கொடுப்பனவு 140. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அந்த 140. பிள்ளைக்கு அம்மை போட்டு வீட்டில் நின்ற நாளும் சேர்ந்து, ஒரு நாள் குறைந்தாலும் மாதம் முழுக்கப் போய்விடும். அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் திட்டினோம்! 2019 ஒப்பந்தத்தில்தான் அது இல்லாமல் போனது. நமக்குப் பிடிக்காத அதே தோட்டத் துரையின் கணக்கை நம் பிள்ளைகளின் பள்ளிக்குள் நாமே கொண்டுபோய் வைப்பானேன்?

இன்னொன்று. இந்தக் கல்யாணத்தை ஏன் விடுமுறையில் வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டவர் பஞ்சாங்கம் பார்க்காதவர். நம் பள்ளி விடுமுறை பொதுவாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். ஓகஸ்டின் முன்பாதி ஆடி. டிசம்பர் நடுவிலிருந்து மார்கழி. இரண்டிலும் நம்மவர்கள் தாலி கட்டுவதில்லை. ஏப்ரலில் சித்திரை பிறந்து பலகாரம் தீருவதற்குள் பள்ளி திறந்துவிடும். வைகாசி, ஆனி, ஆவணி, தை என்று முகூர்த்தம் குவிகிற மாதங்கள் எல்லாம் பெரும்பாலும் தவணைக்குள்தான் விழுகின்றன. இது உங்கள் குற்றமும் இல்லை, கூடலூர்க்காரர் குற்றமும் இல்லை. தவணை அட்டவணை என்ன கல்லில் வெட்டியதா? முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டித் தனி அட்டவணை இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் தமிழ்ப் பாடசாலைகளுக்கு லீவு விட்டு, பதிலுக்கு ஒரு சனிக்கிழமை நடத்துவதும் நம் மாகாணத்தில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. மனம் இருந்தால் வளைக்கலாம்.

அப்புறம், கடமை என்று பேசுகிறவர்கள் அது யாருக்கு முதலில் வந்தது என்பதையும் பேச வேண்டும். 1907 இல் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தபோது, தோட்டத்தில் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுக்கும் பொறுப்பை அது துரையின் தலையில்தான் வைத்தது. நடந்தது என்னவென்று நம் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும். கையெழுத்து வைக்கத் தெரியாமல் பெருவிரலை மையில் தோய்த்தவர்கள் அவர்கள். நாட்டின் உதவிபெறும் பள்ளிகளை 1960, 61 இல் அரசு எடுத்துக்கொண்டது, தோட்டப் பள்ளிகளை எடுக்கத் தொடங்கியதோ 1977 இல். அவ்வளவு பிந்தி வந்ததற்கு யாரும் தண்டம் கட்டவில்லை. ஒரு தவணை முழுக்கக் கணிதத்துக்கு ஆள் இல்லாத வகுப்பை நானே மேற்பார்வை செய்திருக்கிறேன். பிள்ளைகள் வந்தார்கள், இடாப்பில் கோடு விழுந்தது, பாடம் நடக்கவில்லை. அந்தப் பாடவேளைகளுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு என்று யாரிடம் வாங்குவது?

இதற்காகப் பெற்றோரை ஒன்றும் சொல்லக் கூடாது என்று நான் வாதிக்கவில்லை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர்ப் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை ஓடும். நல்லதண்ணிப் பக்கம் அந்த மாதங்களில் இரவெல்லாம் கடையில் நின்று, பகலில் வகுப்பில் தலை சாய்ந்து தூங்குகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் வகுப்புக்கும் வரமாட்டார்கள். தரம் 9 ஓடு கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன பெண் பிள்ளைகளின் பெயரை இடாப்பில் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். அங்கே சட்டம் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயதை 2021 இல் 16 ஆக்கினார்கள். அந்தப் பிள்ளையை வேலைக்கு வைத்தவரிடமிருந்து தொடங்கினால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். கல்யாண வீட்டுக்குப் போகிற குடும்பத்தையும் இதையும் ஒரே தராசில் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சங்கத்தின் தண்டம் யாரைப் பிடிக்கும்? ‘ஐயா, போய் வருகிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவரை. சொல்லாமல் போகிறவர் அதில் விழவே மாட்டார்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். போங்கள். அந்தச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எந்த லயத்தில் எந்த அக்காவும் எந்தத் தங்கையும் பிரிகிறார்கள் என்று அந்தக் காகிதத்தில் இடம் இல்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனவர்கள் பலர் அங்கேயும் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்துதான் எடுத்தார்கள். உங்கள் மகள் அந்தப் பெரிய பாட்டியிடம் அரை நாள் உட்கார்ந்து கேட்டாலே போதும், தன் வீட்டு வரலாறு தெரிந்துவிடும். இதை நான் சும்மா உல்லாசப் பயணம் என்று எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்பது நாள் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. முகூர்த்த நாளை வைத்துக்கொண்டு காலண்டரை எடுங்கள். இரண்டு சனி ஞாயிறை உள்ளே இழுத்து, பொசன் போயா லீவு கிட்ட வந்தால் அதையும் சேர்த்தால், ஆறு ஏழு நாளில் முடியும். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இரண்டாம் தவணைப் பரீட்சை எந்தக் கிழமை என்று மகளின் வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். மோதினால் மகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். தரம் 10 இல் விடுகிற கணிதமும் விஞ்ஞானமும் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சையில் வந்து நிற்கும். இந்த வருடம் மகள் ஏற்கெனவே எத்தனை நாள் வரவில்லை என்பதையும் இடாப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு மூன்று, மழைக்கு நாலு என்று நமக்குத் தெரியாமலே கூடியிருக்கும். உயர்தரத்துக்குப் போனால் 80 வீத வரவு என்ற பேச்சு வரும், அப்போது இந்தத் தாராளம் இருக்காது. மகனுக்குப் பிரச்சினை குறைவு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் போவதென்றால் இந்த வருடம் போவதே நல்லது.

புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் அங்கே படிக்க வையுங்கள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. கல்யாண வீட்டில் எந்தப் பிள்ளை படிக்கும்? போவதற்கு முன் கிழமையே விடப்போகிற பாடங்கள் எவை என்று கேட்டு, வந்த முதல் சனி ஞாயிறில் கூட்டாளியின் கொப்பியை வாங்கி எழுதி முடிக்க வையுங்கள். அது நடக்கும்.

அதிபருக்கு நீங்களும் கணவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எங்கே, என்ன விசேஷம், என்றைக்குத் திரும்ப வகுப்பில் இருப்பார்கள். அவ்வளவும் நாலு வரியில் அடங்கும். பிரதி ஒன்றில் கிடைத்தது என்று திகதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிபர் முகம் சுளிக்கலாம், சுளிக்க அவருக்கு உரிமை உண்டு. வரவு வீதத்துக்கு வலயத்தில் பதில் சொல்வது அவர்தானே.

அந்தக் காய்ச்சல் துண்டு வேண்டவே வேண்டாம். பொய் மருத்துவத் துண்டு கொடுப்பதுதான் உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் உண்மையாகவே குற்றமாகக்கூடியது. அதோடு யோசித்துப் பாருங்கள், முழங்கைவரை மருதாணியோடு வகுப்பில் வந்து உட்கார்ந்து மகள் டைபாய்டு என்று சொல்லப் போகிறாளா? தம்பியும் அதே பள்ளி என்றால் இன்னும் மோசம். தரம் 4 பிள்ளையால் விமானத்தில் போன கதையை இடைவேளைவரை அடக்கி வைக்க முடியாது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கணவரை அனுப்பாமல் நீங்களே போங்கள். பிள்ளை வராத அன்றைக்கே வீட்டுக்கு ஒரு போன் எடுக்க யாராவது ஒருவரை நியமியுங்கள் என்று கேளுங்கள், தண்டத்தைவிட அது வேலை செய்யும். கணித ஆசிரியர் வெற்றிடம் இருந்தால் அதையும் அதே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கூடலூரிலும் ஆனியில் நம் பக்கத்தைப் போலத்தான் மழை கொட்டும். மாமியாருக்குக் குடையும் கம்பளிச் சட்டையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.